பம்ப் ஓடுகிறது, மருந்து உள்ளே போகிறதா?



கர்ப்பகால உணவு, தடுப்பூசி, பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி என்று எல்லா வீட்டுக்கும் பொதுவானவற்றையே இந்த வரிசையில் எழுதி வருகிறோம். இந்தப் பிரசுரம் அப்படியல்ல. இன்சுலின் பம்ப் உள்ள வீடு ஒரு வட்டாரத்துக்கு ஒன்று இரண்டு இருந்தாலே அதிகம். விலை லட்சக்கணக்கில் ஆகிறது. மாதாமாதம் டியூப் செலவு வேறு. ஆனால் அது இருக்கிற வீட்டில் இருவருக்கும் தெரிந்தே ஆகவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பம்ப் கட்டியிருப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. "அதெல்லாம் அவளுக்குத் தெரியும், நமக்கு எதுக்கு" என்று கணவர் ஒதுங்கியிருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைத் தம்பதியர் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், பம்ப் யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். வயதான பிறகு வருகிற சர்க்கரை வியாதி வேறு. சிறு வயதிலோ இளம் வயதிலோ வந்து, கணையத்தில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற முதல் வகை நீரிழிவு வேறு. இவர்களுக்கு இன்சுலினை வெளியிலிருந்து கொடுத்தால்தான் உயிர். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போடப்படும்வரை, இந்த வகை நோய் வந்த பிள்ளைகளைப் பிழைக்க வைக்க வழியே இல்லாமலிருந்தது. பிறகு 1978-ல் லண்டன் மருத்துவர்கள், சிறு பம்ப் ஒன்றின் மூலம் தோலுக்கடியில் விடாமல் சிறுகச் சிறுக இன்சுலின் செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். இன்று இடுப்பில் செருகிக்கொள்கிற பெட்டி அந்த வழியில் வந்ததுதான்.

பெட்டிக்குள் மருந்துக் குப்பி. அதிலிருந்து மெல்லிய டியூப். டியூப்பின் முனையில், வயிற்றுத் தோலுக்குள் 6 அல்லது 9 மில்லிமீட்டர் மட்டுமே போகிற ஒரு மிருதுவான குழல். அதற்குக் கேனுலா என்று பெயர். டியூப்பும் கேனுலாவும் சேர்ந்தது 'செட்'. பல லட்சம் பெறுகிற பெட்டி கெட்டுப்போவது அபூர்வம். கெடுவதெல்லாம் இந்தக் கடைசி அரை அங்குலத்தில்தான்.

சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மோட்டார் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, மீட்டர் சுற்றுகிறது. கடைக்கோடித் தென்னைக்குப் போகிற சின்ன டியூப் மட்டும் எங்கோ மடிந்து கிடக்கிறது. இலை வாடிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது. இன்சுலின் பம்ப்பும் அப்படியே. "இவ்வளவு யூனிட் கொடுத்தேன்" என்று அது காட்டுகிற கணக்கு, உள்ளே மோட்டார் எவ்வளவு தள்ளியது என்ற கணக்கு. அந்த மருந்து உடம்பில் சேர்ந்ததா, தோலுக்கு வெளியே ஒழுகிச் சட்டையை நனைத்ததா என்று அதற்குத் தெரியாது.

"அடைத்தால் சத்தம் போடுமே ஐயா" என்பீர்கள். போடும், ஆனால் தாமதமாகப் போடும். டியூப்பில் அழுத்தம் ஏறிய பிறகே அது கத்தும். மணிக்கு 1 யூனிட் வீதம் போகிறவருக்கு அந்த அழுத்தம் ஏற இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். அதைவிடக் குறைவாகப் போகிற சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிக நேரம். கேனுலா மடிந்து மருந்து பக்கவாட்டில் கசிந்து வெளியே வந்தால் அழுத்தமே ஏறாது, சத்தமும் வராது.

இதில் இன்னொரு சங்கதி. பம்ப்பில் இருப்பது வேகமாக வேலை செய்து வேகமாகத் தீர்ந்துபோகிற இன்சுலின் மட்டுமே. ஊசி போட்டுக்கொள்கிறவர் உடம்பில் நாள் முழுக்க நிற்கிற மருந்து இருக்கும். ஒரு வேளை தவறினாலும் அது கொஞ்சம் தாங்கும். பம்ப் கட்டியவருக்கு அந்த இருப்பு கிடையாது. கேனுலா மடிந்த நான்கைந்து மணி நேரத்துக்குள் உடம்பில் இன்சுலினே இல்லாமல் போய்விடும். சர்க்கரையை எரிக்க முடியாத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதிலிருந்து வருகிற கீட்டோன் என்னும் அமிலக் கழிவு இரத்தத்தில் ஏறும். தாகம், வயிற்றுவலி, வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் அழுகிய பழ வாசனை, பிறகு மயக்கம். ஓர் இரவுக்குள் இத்தனையும் நடந்துவிடலாம்.

ஒரு வீட்டில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நான் நேரில் கண்ட வீடு. பெயர் வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு 24 வயது. ஒன்பது வயதிலிருந்து இன்சுலின். பம்ப் கட்டிக்கொண்டு சர்க்கரையை நன்றாகவே கட்டுப்பாட்டில் வைத்திருந்தாள். அப்போது ஆறு மாதக் கர்ப்பம். ஒருநாள் சாயங்காலம் குளித்துவிட்டுச் செட் மாற்றினாள், படுத்துவிட்டாள். இரவு 11 மணிக்கு சர்க்கரை 168. பம்ப்பில் பொத்தானை அழுத்திக் கொஞ்சம் கூடுதல் மருந்து கொடுத்தாள். மூன்று மணிக்கு வாந்தி. அப்போது 205. "மசக்கைதான், பித்தம்" என்று மாமியார் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். கணவர் பம்ப்பைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகப் போவதாகத்தான் அது காட்டியது. "இருநூறுதானே, இதுக்கு முன்னாடி முந்நூறுகூட வந்திருக்கு" என்று விடியக் காத்திருந்தார்கள். ஏழு மணிக்கு அவளுக்கு மூச்சு இறைத்தது.

மருத்துவமனையில் தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. வயிற்றில் ஒட்டியிருந்த பட்டையைச் செவிலியர் பிரித்தபோது, கேனுலா உடைந்த சேமியாவைப் போல இரண்டாக மடிந்து தோலின் மேலேயே கிடந்தது. செருகிய நிமிடத்திலேயே மடிந்திருக்கவேண்டும்.

அந்த வீட்டில் யாரும் அலட்சியமாக இல்லை. மாமியார் கண்விழித்தார், கணவர் கூடவே உட்கார்ந்திருந்தார். இரண்டு விஷயம் மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஒன்று, பம்ப் ஓடுவது வேறு, மருந்து போவது வேறு. மற்றது, கர்ப்பிணிக்குக் கீட்டோன் மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஏறும். சர்க்கரை 200-ஐத் தாண்டாமலேகூட ஏறிவிடும். ஆறாம் மாதத்தில் புதிதாக வருகிற வாந்தியை மசக்கை என்று தள்ளிவிடக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்கிற கர்ப்பிணி வாந்தி எடுத்தால், எந்த மாதமாக இருந்தாலும் முதல் வேலை கீட்டோன் சோதனை. கஷாயம் அப்புறம்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது

சாப்பாட்டில் காரணம் இல்லாமல் சர்க்கரை 250-க்கு மேல் போனால், கர்ப்பிணிக்கு 200-க்கு மேல் போனால், கீட்டோன் பாருங்கள். சிறுநீரில் நனைத்துப் பார்க்கிற பட்டை மருந்துக் கடையில் கிடைக்கும்; ஊதா நிறம் ஏற ஏற ஆபத்து கூடுகிறது என்று பொருள். (டப்பாவைத் திறந்த தேதியை மேலே எழுதி வையுங்கள். திறந்து ஆறு மாதம் போன பட்டையை நம்பக் கூடாது.) விரலில் குத்தி இரத்தத்தில் பார்க்கிற கருவி இருந்தால் இன்னும் நல்லது. அதில் 0.6-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. 3 என்றால் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்கக் கூடாது.

கீட்டோன் இல்லையென்றால் நிதானமாகப் பாருங்கள். டியூப் பாவாடை நாடாவுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா? அரைஞாண் கயிற்றில் சுற்றியிருக்கிறதா? கேனுலா இருக்கிற இடத்தில் ஈரமா? ஒட்டுப் பட்டை நனைந்து உரிந்திருக்கிறதா? அங்கே மோந்து பாருங்கள். இன்சுலினுக்கு ஆஸ்பத்திரி டெட்டால் மாதிரி ஒரு வாடை உண்டு. அந்த வாடை வந்தால் மருந்து வெளியே போகிறது. வேறு சாட்சி வேண்டாம். டியூப்பில் மடிப்பைக் கண்டுபிடித்தீர்களானால் அவசரப்பட்டு நீட்டிவிடாதீர்கள். முதலில் டியூப்பை உடம்பிலிருந்து கழற்றுங்கள். தேங்கி நின்ற மருந்து மடிப்பு விலகியதும் மொத்தமாக உள்ளே பாய்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

குற்றம் ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால் பம்ப் வழியாக ஒருமுறை திருத்த மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இறங்கத் தொடங்கினால் சரி. இறங்கவில்லை என்றால் இன்னொரு தடவை பொத்தானை அழுத்தாதீர்கள். அடைத்திருக்கிற குழாயில் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றுதான். "முதல்ல ஊசி, அப்புறம் செட்" என்பதை இருவரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஊசியால் இன்சுலின் போட்ட பிறகுதான் செட் மாற்றுவது, மருந்துக் குப்பியை மாற்றுவது எல்லாம். முதலிலேயே கீட்டோன் தெரிந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும் அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பு வேண்டாம், நேராக ஊசி. கர்ப்பிணிக்குக் கீட்டோன் கண்டால் ஊசி போட்ட கையோடு 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். யாராக இருந்தாலும் வாந்தி நிற்காவிட்டால், மூச்சு இறைத்தால், இதே வழிதான். "முதல் வகை நீரிழிவு, பம்ப் அடைத்துவிட்டது, கீட்டோன் இருக்கிறது" என்று இந்த மூன்றையும் வாசலிலேயே சொல்லுங்கள்.

ஊசியில் எத்தனை யூனிட் என்று நான் இங்கே எழுதமாட்டேன். அது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே ஓர் அட்டையில் எழுதி வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்திலோ காலண்டரிலோ மாட்டிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு மணிக்கொரு தடவை சர்க்கரை பார்க்கவேண்டும். நிறையத் தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், மோர் கொடுக்கலாம். சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை நிறுத்தக் கூடாது. மாறாகச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இதைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் உயிர்ப் பிழை நேர முடியும். நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு பலத்தில் விற்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் பார்ப்பது அது. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ளது மற்றது. பம்ப்பில் ஊற்றுவது இதுதான். இரண்டுக்கும் சிரிஞ்சு தனித்தனி. 40-க்குச் சிவப்பு மூடி. 100-க்கு ஆரஞ்சு மூடி.

நடுராத்திரி அவசரத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் சிவப்பு மூடிச் சிரிஞ்சை வாங்கி, பம்ப் மருந்தைப் "பத்து" என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது பத்து அல்ல, இருபத்தைந்து யூனிட். இரண்டரை மடங்கு. அடைப்பில் சாகாதவர் இதில் செத்துப்போகலாம். ஆகவே ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு நான்கைந்து, 100 யூனிட் மருந்துக் குப்பி ஒன்று, புதுச் செட் இரண்டு, கீட்டோன் பட்டை, பேட்டரி இவற்றை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மருந்துக் குப்பி மட்டும் குளிர்ப்பெட்டியில், ஐஸ் கட்டி உறையும் தட்டுக்குப் பக்கத்தில் படாமல் இருக்கட்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, அதில் குப்பியை நனையாமல் வையுங்கள். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கவேண்டும். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ போனால் டப்பாவும் கூடவே வரவேண்டும். டப்பா எங்கே இருக்கிறது என்று கணவருக்கும் தெரியவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது.

மடியாமல் இருக்க

வருமுன் காப்பது பெரும்பாலும் செட் மாற்றுகிற நேரத்திலும் இடத்திலும்தான் இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகும்போது மாற்றவே வேண்டாம். மேலே சொன்ன வீட்டில் அதுதான் நடந்தது. காலையில், சாப்பாட்டுக்கு முன் மாற்றுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டாயம் சர்க்கரை பாருங்கள். கேனுலா மடிந்திருந்தால் விழித்திருக்கும்போதே அகப்பட்டுவிடும். மிருதுவான கேனுலாவை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். "இன்னும் மருந்து இருக்கே, நாலு நாள் ஓட்டலாம்" என்று சிக்கனம் பிடிப்பது எனக்குப் புரிகிறது. செட் விலை அப்படி. ஆனால் பழைய கேனுலாவில்தான் அடைப்பும் சீழும் அதிகம். ஒரு செட்டில் மிச்சம் பிடித்ததை மருத்துவமனைப் படுக்கையில் பல மடங்காகக் கொடுக்கவேண்டி வரும்.

தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளியே போடுங்கள். புடவைக்கட்டும் பாவாடை நாடாவும் அழுத்துகிற கோடு கூடாது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைக்கிற பக்கம் கூடாது. ஆண்களுக்கு வேட்டி மடிப்பும் பெல்ட்டும் படுகிற இடம் கூடாது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாருங்கள்; வயிறு மடிகிற வரி தெரியும். அந்த வரியில் போட்டால் அடுத்த பந்தி முடிவதற்குள் கேனுலா மடிந்துவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டுத் தோல் தடித்துக் கட்டியானால் அங்கே மருந்து சரியாக உறிஞ்சப்படாது. முந்தைய இடத்திலிருந்து ஓர் அங்குலமாவது நகருங்கள். மாதம் ஏறிய கர்ப்பிணிக்கு வயிற்றுத் தோல் விறைத்துவிடும். விலாப்பக்கம், தொடை, புட்டத்தின் மேல்பகுதி பரவாயில்லை. மெலிந்த உடம்புக்குச் சாய்வாகச் செருகும் கேனுலா ஒத்துவரும். அடிக்கடி மடிகிறது என்றால் எஃகு ஊசி வைத்த செட் கேளுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும், கொஞ்சம் உறுத்தும். ஆனால் எஃகு மடியாது. என்னைக் கேட்டால் கர்ப்பகாலத்துக்கு உறுத்தலைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்பேன். மருத்துவர் முடிவே முடிவு.

மருந்தைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் டியூப்பில் காற்றுக் குமிழி வரும். சற்று வெளியே வைத்து ஆறிய பிறகு ஊற்றுங்கள். டியூப்பில் ஓர் அங்குலம் காற்று என்றால் ஏறக்குறைய அரை யூனிட் மருந்து குறைகிறது. டியூப்பில் மருந்தை நிரப்பும்போது அது உடம்பில் மாட்டியிருக்கவே கூடாது; இதில் மட்டும் மறதி ஆகாது. சித்திரை வெயிலில் களையெடுக்கப் போனால் பம்ப்பைத் துணிக்கு உள்ளே வையுங்கள். 37 டிகிரிக்கு மேல் சூடு பட்ட மருந்து வீரியம் போய்விடும். அடைப்பே இல்லாமல் சர்க்கரை ஏறினால் அதையும் நினைத்துப் பாருங்கள்.

கேட்க வெட்கப்படுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி சேர்ந்திருக்கும் நேரத்தில் பம்ப்பைக் கழற்றி வைக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப மாட்டிவிட்டால் கெடுதல் இல்லை. மாட்டாமல் இழுபட்டுத்தான் பல கேனுலா பிடுங்கிக்கொள்கிறது. ஆனால் கழற்றிவிட்டு அப்படியே தூங்கிப்போகக் கூடாது. கழற்றியவர் மறந்தால் மற்றவர் நினைவூட்டவேண்டும்.

அந்தப் பெண்ணின் கதை அங்கேயே முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடி கர்ப்பம். இந்தத் தடவை கணவர் மருத்துவமனைக்குக் கூடவே போய் செட் மாற்றவும் ஊசி போடவும் கற்றுக்கொண்டார். எட்டாம் மாதத்தில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை 212. "விடுங்க, காலையில பாத்துக்கலாம், ஒண்ணும் பண்ணல" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. சிறுநீர்ப் பட்டையில் லேசாக ஊதா. ஆரஞ்சு மூடியை எடுத்தார், அட்டையைப் பார்த்தார், ஊசி போட்டார், செட்டை மாற்றினார், 108-ஐ அழைத்தார். நான்கு மணிக்கு மருத்துவமனையில் இருந்தார்கள். கழற்றிய கேனுலாவை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப்போயிருந்தார், நுனியில் வளைந்திருந்தது. இப்போது அவர்கள் மகள் அங்கன்வாடிக்குப் போகிறாள்.

நீங்களும் செட்டைக் கழற்றும்போதெல்லாம் கேனுலாவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நேராக இருந்ததா, மடிந்ததா, உள்ளே இரத்தம் தெரிந்ததா என்று ஒரு நோட்டில் தேதி போட்டு, எந்த இடத்தில் செருகியது என்பதையும் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் உடம்பில் எந்த இடம் ஆகாது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். பார்த்த பிறகு ஊசியையும் கேனுலாவையும் குப்பையில் வீசாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிறைந்ததும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒப்படையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க இருவருமே போய், அடைப்பு வந்தால் ஊசியில் எத்தனை யூனிட், பம்ப் முழுதுமே நின்றுபோனால் நாள் முழுக்க நிற்கிற இன்சுலின் எது, எத்தனை யூனிட், ராத்திரியில் எந்த எண்ணுக்குப் பேசுவது என்பதை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.